கார்ல் டெர்சாகியும் எங்கள் மலைச்சரிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். திரவ அழுத்தம் என்ற பாடம் வரும்போதெல்லாம் கார்ல் டெர்சாகி என்ற பெயரை இழுத்துவிடுவேன். அது பாடத்திட்டத்தில் இல்லாத பெயர். ஆகவே பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர் கேட்பார்கள். பிறகு டவுனில் கண்ட இடத்தில் எல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே பதிலைத் தேநீர்க் கடையில் பத்துத் தடவை சொல்லி வாய் வலிப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

யார் இந்த டெர்சாகி?

1883இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பிராக் நகரில் பிறந்த ஆஸ்திரியர். இயந்திரப் பொறியியல் படித்தவர். பாறையையும் நிலத்தையும் ஆராயும் புவிச்சரிதவியலில் கிறுக்குப் பிடித்தவர். மண்ணை அளந்து, கணக்குப் போட்டு, அதன் மேல் எதைக் கட்டலாம், எது சரியும் என்று சொல்லும் துறைக்கு இவரைத்தான் தந்தை என்கிறார்கள். 1925இல் ஜெர்மன் மொழியில் வெளியான அவருடைய மண் இயக்கவியல் நூல்தான் அந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ். ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து, 1963இல் இறந்தார்.

அமெரிக்கப் பேராசிரியருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம், சேர்?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது ஆபத்தான இடம் என்று முன்பே அடையாளம் காணப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலை முழுவதும் சரிந்தது. அந்த மண் ஏன் அன்று விழுந்தது, ஏன் அதற்கு முந்தைய வாரம் விழவில்லை என்ற கேள்விக்குச் சரியான விடையின் சாவி இந்த மனிதரிடம் இருக்கிறது. சம்பந்தம் அவ்வளவுதான். போதாதா?

மழை பெய்தால் மண் வழுக்கும். இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டுமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். ஏனென்றால் மண் வழுக்குவதில்லை. 1950இல் மண்சரிவின் இயக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் டெர்சாகி இந்த நம்பிக்கையைத்தான் உடைத்தார். படிகக்கல் போன்ற கனிமங்களின் மேல் நீர் எண்ணெய் போல வேலை செய்வதில்லை. அது மட்டும் இல்லாமல், நம்முடைய மலைமண்ணில் எப்போதுமே ஈரம் இருக்கிறது. வழுக்குவதற்கு அந்த ஈரமே போதும் என்றால், மலை என்றைக்கோ ஆற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

நடப்பது வேறு. வகுப்பில் நான் காட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. தேநீர் குடித்த கண்ணாடிக் குவளையைச் சுடுநீரில் அலசி, நனைந்த வழுவழுப்பான தட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். தட்டை மிக இலேசாகச் சாய்த்தால் போதும், குவளை தானாக நகர ஆரம்பிக்கும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து குவளையைக் கொஞ்சம் தூக்குகிறது. விளிம்பு தட்டை முன்பு போல அழுத்துவதில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று வெளியேறியதும் அதே ஈரத் தட்டில், அதே சாய்வில் குவளை நின்றுவிடும். ஈரம் அப்படியேதான் இருக்கிறது, தூக்கியது போய்விட்டது.

மண்ணுக்குள் தூக்குவது நீர். ஒரு கணக்குப் போடுவோம். சரியக்கூடிய தளத்துக்கு மேலே 2 மீட்டர் மண் இருக்கிறது. ஒரு கனமீட்டர் ஈரமண் ஏறக்குறைய 1,800 கிலோ. ஆக ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 3,600 கிலோ பாரம். அந்தப் பாரம்தான் மண்மணிகளை ஒன்றோடொன்று அழுத்தி, உராய்வை உண்டாக்கி, சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அடைமழையில் நீர்மட்டம் அந்தத் தளத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் ஏறிவிட்டால், 1,500 கிலோவை நீரே தாங்கிக்கொள்ளும். மண்மணிகளுக்கு மிஞ்சுவது 2,100 கிலோ. கீழே இழுக்கும் பாரம் குறையவில்லை. பிடி மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சரிவின் கோணத்தையும், நனைந்த மண்ணின் கூடுதல் பாரத்தையும் நான் விட்டுவிட்டேன் என்று பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், சேர்த்துக்கொண்டாலும் நீர் ஏற ஏறப் பிடி குறையும் என்பது மாறாது.

மொத்த அழுத்தத்திலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மண்ணின் பலத்தைத் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குக் கனமான பெயர் ஒன்று உண்டு. நான் ‘மிஞ்சும் அழுத்தம்’ என்றுதான் சொல்வேன். துறை முழுவதும் இந்த ஒரு கழித்தல் கணக்கின் மேல் நிற்கிறது.

நாங்கள் காலமெல்லாம் கான் வெட்டினோம். அதைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா, மாஸ்டர்?

ஓய்வுபெற்ற கங்காணி ஐயா ஒருவர் கேட்டது. ஐயா, அவர் சொன்னதைத்தான் நீங்கள் மண்வெட்டியால் செய்தீர்கள். தேயிலை மலையில் குறுக்காக ஓடும் கான், மழைநீர் மண்ணுக்குள் இறங்குமுன் அதைப் பிடித்து ஓடைக்கு அனுப்புகிறது. உள்ளே இறங்கும் நீர் குறைந்தால் நீர்மட்டம் ஏறுவது குறையும். மிஞ்சும் அழுத்தம் தங்கும். வட்டவளையில் 1990களில் ரயில் பாதைப் பக்கம் பெரிய சரிவு தொல்லை கொடுத்தபோதும், மண்ணுக்கு அடியில் நீளமான துளைகள் போட்டு நீரை வடித்துத்தான் அதை அடக்கினார்கள். மலையைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் எழுப்புவதைவிட நீரை வெளியே விடுவது மலிவு, பலனும் கூட.

ஆனால் தூர்ந்துபோன கான், கான் இல்லாததைவிட ஆபத்து. நீரைச் சேர்த்து ஓரிடத்தில் தேக்கி, மெல்ல மெல்ல மலைக்கே குடிக்கக் கொடுக்கும். கைவிடப்பட்ட மலைகளுக்குக் கீழே வீடு இருப்பவர்கள் ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அவர் ஏன் நாடு நாடாகப் போனார்?

பாதி ஆசை, பாதி அரசியல். கிராஸ் நகரில் படித்தார். குறோஷியா, ரஷ்யா என்று கட்டுமான வேலைகளில் இருந்தார். 1912இல் முதல் தடவையாக அமெரிக்கா போனார். அந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மற்றவை அதிலிருந்துதான் புரியும்.

அணைக்கட்டு வேலைகள் நடக்கும் இடங்களாகத் தேடிப் போனார். எந்த மண்ணில் கட்டியது நின்றது, எதில் கட்டியது விழுந்தது என்ற விவரங்களைச் சேர்த்தால் ஒரு விதி கிடைத்துவிடும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. பதிவுகளில் ‘மணல்’, ‘களி’ என்று பெயர் மட்டும் இருந்தது; அளவு எதுவும் இல்லை. ஒருவர் களி என்றது மற்றவர் களி என்றதோடு ஒத்துப்போகவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

உலகப் போர் வந்தது. 1916இல் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் அரசின் பொறியியல் கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். போரில் தோற்றதும் அந்த வேலை போயிற்று. அதே நகரில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான், சுருட்டுப் பெட்டி உட்பட கைக்குக் கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களை வைத்து, மண்ணை அளக்கும் கருவிகளைச் செய்தார். அமெரிக்கப் பதிவுகளில் இல்லாத அளவுகளைத் தானே எடுக்க ஆரம்பித்தார். ஈரக் களி பாரத்தின் கீழ் நீரை மெல்லக் கக்கிக் கக்கி இறுகும் வேகத்துக்கான சமன்பாடு 1923இல் வந்தது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் சாமான் இல்லை என்று என்னிடம் முறையிட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சுருட்டுப் பெட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

1925இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், 1929இல் வியன்னாவில் பேராசிரியர் பதவி, 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய ஆண்டில் மறுபடியும் அமெரிக்கா. இந்தத் தடவை நிரந்தரமாக.

‘குடியேறியவர்’ என்கிறீர்கள். எங்கள் பாட்டன், பூட்டனைப் போலவா?

அந்தச் சொல் மலையகத்துக் காதில் வேறு மாதிரித்தான் விழும். டெர்சாகி 1938இல் போனார், 1943இல் குடியுரிமை பெற்றார்: ஐந்து ஆண்டு. எங்கள் ஆட்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்தார்கள். 1948இல் நாடற்றவர் ஆனார்கள். கணக்கு ஒருவாறு தீர்ந்தது 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில். ஒப்பிடச் சொன்னது நீங்கள்.

நல்ல மனிதரா?

கெட்டிக்காரர். நல்லவரா என்பது யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோபக்காரர், பிடிவாதக்காரர், சுருட்டு ஓயாதவர். வியன்னாவில் போல் ஃபில்லுங்கர் என்ற சக பேராசிரியர் இவரைக் கடுமையாகத் தாக்கி ஒரு துண்டுநூல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. குழு டெர்சாகியின் பக்கம் சாய்ந்தது. 1937 மார்ச்சில் ஃபில்லுங்கரும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் நீரைப் பற்றி ஃபில்லுங்கர் முன்பே செய்திருந்த வேலைக்கு உரிய மதிப்பு பிற்காலத்தில்தான் கிடைத்தது. டெர்சாகியைக் கும்பிடும் புத்தகங்கள் சில இதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. நான் தாண்டுவதில்லை.

அவருடைய தாள்கள் எங்கே இருக்கின்றன?

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில், நோர்வே புவித்தொழில்நுட்ப நிறுவனத்தில், டெர்சாகி நூலகம் என்ற பெயரில். அவருடைய நாட்குறிப்புகள், கடிதங்கள், அணைகளுக்கும் அத்திவாரங்களுக்கும் எழுதிக்கொடுத்த ஆலோசனை அறிக்கைகள், வரைபடங்கள், படங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவரோடு சேர்ந்து 1948இல் புகழ்பெற்ற பாடநூலை எழுதிய ரால்ஃப் பெக்கின் தாள்களும் பின்னர் அதே கூரைக்குக் கீழ் போய்ச் சேர்ந்தன.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் இறந்தவரின் தாள் ஏன் நோர்வேயில்?

அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் லோரிட்ஸ் பியெரும் என்பவரும் டெர்சாகியும் நெருங்கிய நண்பர்கள். பியெருமும் டென்மார்க்கிலிருந்து நோர்வேக்குப் போனவர். நோர்வேயில் ஒரு விசித்திரமான களி உண்டு. கடலடியில் படிந்து, பின்னர் நிலமாக உயர்ந்து, உப்புக் கரைந்துபோன களி. குலுக்கினால் கஞ்சி போல ஓடிவிடும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் ஊரே கட்டி வாழ்பவர்களுக்கு இந்தத் தாள்களின் அருமை தெரிந்திருந்தது. பிறந்த இடம், இறந்த இடம் என்று பார்க்காமல், படிப்பவன் இருக்கும் இடத்துக்குத் தாள் போனது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

நூல்களும் கட்டுரைகளும் அச்சில் இருக்கும்போது கைத்தாள் எதற்கு?

அச்சில் வருவது வென்ற கணக்கு. கைத்தாளில் இருப்பது, மண் கணக்குக்குக் கட்டுப்படாத நாளில் என்ன செய்தார் என்பது. டெர்சாகி வேலை செய்த முறை இது: முதலில் ஓர் ஊகத்தோடு வடிவமைப்பார். கட்டும்போதே நீரழுத்தத்தையும் அசைவையும் அளக்கச் சொல்வார். அளவு ஊகத்தோடு முரண்பட்டால் வடிவமைப்பைத் திருத்துவார். பெக் இதைப் பிற்காலத்தில் ‘அவதானிப்பு முறை’ என்று வகுத்துச் சொன்னார். ஆகவே வேலைத்தளத்து அறிக்கைகளும் கடிதங்களும்தான் முறையின் உடம்பு. நூல் அதன் நிழல். 1912இல் அமெரிக்கா முழுவதும் தேடியும் கிடைக்காமல் போன பதிவுகளை, கடைசியில் அவரே எழுதி விட்டுச்சென்றார் என்றும் சொல்லலாம்.

எங்களைப் போன்ற செம்மண் ஊர்களைப் பற்றி அவருக்குத் தெரியுமா?

கென்யாவில் நைரோபிக்குத் தண்ணீர் கொடுக்கும் சாசுமுவா அணைக்கு ஆலோசனை சொன்னார். 1958இல் அதைப் பற்றி எழுதினார். அங்கிருந்த செங்களி, ஐரோப்பிய அளவுகோல்களின்படி அணைக்கு உதவாத மண் போலத் தெரிந்தது. எவ்வளவு திமிசு போட்டாலும் அடர்த்தி குறைவு, ஈரம் அதிகம். ஆனால் பலமோ நன்றாக இருந்தது. நுண்ணிய கனிமத் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி, உள்ளே நீரை அடக்கிய கடினமான குருணைகளாக இருப்பதுதான் காரணம் என்று விளக்கினார்.

அதை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. அது எரிமலைப் பாறையிலிருந்து வந்த மண். நம்முடையது மிகப் பழைய உருமாறிய பாறை உக்கி வந்தது. நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் மேலேயிருந்து உருண்டு வந்து சரிவில் தங்கிய தளர்மண். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: வேறு நாட்டு அட்டவணையைப் பார்த்து மண்ணைத் திட்டாமல், அந்த மண்ணையே கேட்டார்.

இந்தத் துறையில் நம் ஆட்கள் யாரும் இல்லையா?

ஏன் இல்லை! பருத்தித்துறை ஹார்ட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜுக்குப் போய் மண்ணின் இயக்கத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. டெர்சாகி இறந்த அதே ஆண்டு. கேம் ஆற்றின் பெயரால் இன்றும் உலகம் முழுவதும் படிப்பிக்கப்படும் களிமண் மாதிரியுருவுக்குத் துரைராஜாவின் ஆய்வு அடித்தளங்களில் ஒன்று. வெளிநாட்டில் தங்கிவிடாமல் திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்தார், பொறியியல் பீடாதிபதியாக இருந்தார். 1988 முதல் 1994இல் இறக்கும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கண்டியிலிருந்து பேராதனை வழியாக பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருப்பது என் போன்ற ஆசிரியர்களின் குறை.

ஒஸ்லோவில் இருப்பது இருக்கட்டும். இங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருந்தது. தோட்டந்தோறும் மழைமானி உண்டு. தினமும் அளந்து பேரேட்டில் எழுதுவார்கள். எந்த மலையில் எப்போது கான் வெட்டினார்கள், எங்கே மண் இறங்கியது என்ற குறிப்புகளும் அலுவலகத்தில் கிடக்கும். எந்த ஆய்வாளனுக்கும் நாக்கில் நீர் ஊற வைக்கும் ஆவணம்.

ஒரு நாள் டவுனில் பருப்பு வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளில் சிவப்புக் கோடு போட்ட கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அங்குலத்தில் மழை அளவு, பழைய சாய்ந்த கையெழுத்து. முப்பத்தொரு வரிசை இருந்ததால் ஒரு மாதக் கணக்கு என்று தெரிந்தது; ஆனால் எந்த மாதம் என்ற தலைப்பு இருந்த மூலையை எண்ணெய் தின்றுவிட்டது. பதினேழாம் திகதியில் 6.40 என்று இருந்தது. ஒரே நாளில் ஆறு அங்குலத்துக்கு மேல்! எந்த ஆண்டு, எந்தத் தோட்டம்? கடைக்காரத் தம்பி, “பழைய பேப்பர்காரர் கிலோக் கணக்கில் போட்டார், ஐயா” என்றார். ஏதோ ஒரு தோட்ட அலுவலகம் அலுமாரியைக் காலி செய்திருக்கிறது. எது என்று நானும் தேடிப் போகவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் வாசனையும் போகவில்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவு) துண்டுகள், கடிதங்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

கழுவித் துடைத்து அழகுபடுத்தாதீர்கள். இருந்த ஒழுங்கைக் குலைக்காதீர்கள். எதோடு எது சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல். துருப்பிடித்த ஊசியையும் ரப்பர் வளையத்தையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது. நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் பூஞ்சணம்தான் முதல் எதிரி, ஆகவே வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே வேகும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதி வையுங்கள். தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கொழும்பில் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. கொடுக்க மனமில்லை என்றால் படத்தையாவது கொடுங்கள்.

மழைமானி வாங்க வசதியில்லை. வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கம் நேரான டின் ஒன்று போதும். பால்மா டின் அருமையாக இருக்கும். வாய் பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல, நீரின் உயரம்தான் மழை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள், அது வீட்டுப்பாடம். மரத்துக்கும் கூரைக்கும் தூரமாக, சாயாமல் கல் அடுக்கி வையுங்கள். அடிமட்டத்தை உள்ளே விட்டு மில்லிமீட்டரில் பாருங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பொதுவாக எடுக்கும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினால் வெளியேற்றம். வடைத் தாளில் இருந்த 6.40 அங்குலம் 160 மி.மீ.க்கு மேல். ஆனால் சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

எத்தனை மணிக்கு அளக்க வேண்டும் சேர்?

காலை எட்டரைக்கு. வானிலை அவதான நிலையங்களும் அப்போதுதான் அளக்கின்றன, உங்கள் கணக்கை அவர்களுடையதோடு ஒப்பிடலாம். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் மழை இல்லையா, நீங்கள் எழும்பவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பென்சிலால் எழுதுங்கள். நனைந்தாலும் கரையாது.